மலைச் சைக்கிளும் தோட்டத்துப் பாதையும்

யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் சைக்கிள் எப்படியோ, அப்படி நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் அது என்றுமே இருந்ததில்லை. ஏறும்போது தள்ளவும், இறங்கும்போது பயந்து பிடிக்கவும் வேண்டிய ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்க மலையகத்துக் குடும்பங்கள் விரும்பியதில்லை. நடந்தார்கள், அல்லது லொறியின் பின்னால் ஏறினார்கள், அண்மைக் காலத்தில் முச்சக்கர வண்டிக்குக் கடன்பட்டார்கள். ஆனால் இன்று ஹப்புத்தளை, பொகவந்தலாவை, நானுஓயா போன்ற இடங்களின் தோட்டத்துப் பாதைகளில் தடித்த டயர் போட்ட சைக்கிள்கள் ஓடுகின்றன. ஓட்டுபவர்கள் வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள். அல்லது கொழும்பில் நல்ல உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள். தலையில் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை. லயத்துப் பிள்ளைகள் கையசைத்துக்கொண்டு பின்னால் ஓடுகின்றார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். புழுதி மட்டும் எஞ்சும்.

இதை ஒரு வேடிக்கையாக விட்டுவிடலாம். எனினும் இவ்விதழை வாசிப்பவர்களில் பலர் கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்களோடு வேலை செய்பவர்கள். தேயிலை தளர்ந்துவரும் ஒரு பிரதேசத்தில் புதிய வருமானம் ஒன்று வாசலைக் கடந்து போகும்போது, அது வாசலில் நிற்குமா, நிற்க வைப்பது எப்படி என்று கேட்பது எமது கடமையாகும். அந்த நோக்கத்துடனேயே இந்தப் பாடத்தை எழுதுகின்றோம்.

சைக்கிள் வந்த வழி

மலைச் சைக்கிள் பிறந்தது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்னும் மாவட்டத்தில். 1970களில் அங்கிருந்த சில இளைஞர்கள் 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட கனமான பழைய சைக்கிள்களை மலிவாக வாங்கி, டமல்பாயிஸ் மலைப்பக்கத்தில் தீயணைப்பு வாகனங்களுக்காக வெட்டப்பட்ட மண் வீதிகளில் கீழ்நோக்கி ஓட்டத் தொடங்கினார்கள். 1976இல் அதை ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். அந்தச் சைக்கிள்களில் பின் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் ஒன்றே உண்டு. ஒரு முறை இறங்கி முடிவதற்குள் அதிலுள்ள கிறீஸ் எல்லாம் சூட்டில் புகையாகிப் போய்விடும். திரும்பவும் கிறீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்தப் போட்டிக்குப் பெயரே இந்த அடைப்பு வேலையிலிருந்துதான் வந்தது. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கென்றே சட்டம் செய்தார். 1981இல் பெரிய அளவில் தொழிற்சாலை உற்பத்தி வந்தது. 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு விளையாட்டாகவும் ஏற்கப்பட்டது.

பழைய இரும்புக் கடைச் சாமானில் தொடங்கிய விளையாட்டு, இன்று ஒரு தோட்டத் தொழிலாளி பல மாதங்கள் வேலை செய்தாலும் வாங்க முடியாத விலையுள்ள சைக்கிளில் வந்து நிற்கின்றது. ஆனால் எமக்கு இங்கே முக்கியமானது சைக்கிள் அல்ல, பாதை. வேறொரு தேவைக்காக வெட்டப்பட்ட மண் பாதை இந்த விளையாட்டுக்கு வேண்டும். அமெரிக்காவில் அது தீயணைப்புப் பாதை, சுரங்கப் பாதை, மரம் ஏற்றும் பாதை. எமது நாட்டில் அது தோட்டத்துப் பாதை.

எமது பாதைகள் எப்படிப்பட்டவை

கோப்பிக் காலத்தில் மூட்டைகளை இறக்குவதற்கு வண்டிப் பாதைகள் தேவைப்பட்டன. மாடு இழுக்கக்கூடிய ஏற்றத்துக்கு மேல் பாதை இருக்க முடியாது. ஆகவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. கோப்பி அழிந்தது, பாதை அழியவில்லை. அதே பாதையில் தேயிலைப் பெட்டி இறங்கியது. 1885இல் ரயில் நானுஓயாவுக்கு வந்தது; 1924இல் பதுளையை அடைந்தது. தம்பேதென்னை ஸ்டோர் 1890இல் கட்டப்பட்டது; அங்கிருந்து லிப்டன் இருக்கை என்று சொல்லப்படும் உச்சிவரை ஏறும் பாதை இன்று சைக்கிள்காரருக்கு மிகவும் பிடித்த வழிகளில் ஒன்று. இந்தப் பாதைகளை வெட்டியவர்கள், கல் அடுக்கியவர்கள், கானெடுத்தவர்கள் யாருடைய பாட்டன் பூட்டன்மார் என்பது வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்தில் இன்னொரு வகைப் பாதையும் உண்டு. அதைக் குறுக்கு என்கிறோம். வண்டிப் பாதை அரை மைல் சுற்றிப் போகும் இடத்தில் குறுக்கு நேரே ஏறிவிடும். வெட்டிய மண் படி, சில இடங்களில் கல் படி, மழைக்கு வழுக்கல். கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் இறங்குவது இதில்தான். பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும் இதில்தான். கர்ப்பிணித் தாயை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதும் இதில்தான். சைக்கிள் ஓட்டுபவர்களில் அனுபவமுள்ளவர்கள் வண்டிப் பாதையைவிட இந்தக் குறுக்குகளையே விரும்புகின்றார்கள். ஒடுக்கமான, செங்குத்தான, வளைவு நிறைந்த வழிதான் அவர்களுக்கு இன்பம். ஒருவர் பொழுதுபோக்குக்காகத் தேடும் அதே ஆபத்து இன்னொருவருக்கு நாள்தோறும் தலைவிதி. இந்த இடத்தில்தான் எமது பாடம் தொடங்குகின்றது.

கண்டிக்கு அருகில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம், 22 பகுதிகள். ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்க அரசினதும் உதவியுடன் அடையாளமிடப்பட்டு 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இது முதன்மையாக நடப்பவர்களுக்கானது. சில பகுதிகளில் சைக்கிளிலும் போகின்றார்கள். புதிதாக வெட்டிய பாதை இதில் மிகக் குறைவு. பெரும்பகுதி தோட்டத்துப் பழைய பாதையே. அதாவது, இருந்த பாதைக்கு ஒரு பெயரும் வழிகாட்டிப் பலகையும் கிடைத்தன. பெயர் வைத்தவுடன் அது ஒரு பண்டமாகிவிட்டது. இதில் தவறு இல்லை. பண்டத்துக்கு விலை உண்டு என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

தேயிலையின் நிலை

பொருளாதார மாற்றத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. வாசகர்கள் அதற்குள்தான் வாழ்கின்றார்கள். சில எண்களை மட்டும் குறிப்போம். 2013இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி 340 மில்லியன் கிலோகிராம். 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையும், அதைத் தொடர்ந்த 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அதை 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனுக்கு இறக்கின. அதற்குள்ளும் நாட்டின் கொழுந்தில் பெரும்பகுதி இன்று சிறு தோட்டக்காரரிடமிருந்தே, அதிலும் தாழ்நிலப் பகுதிகளிலிருந்தே வருகின்றது. மலைநாட்டுப் பெருந்தோட்டங்களை 1992இல் கம்பனிகள் பொறுப்பேற்றபோது அங்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று அதில் பாதி கூட இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆக்கப்பட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. இரண்டும் எவ்வளவு இழுபறிக்குப் பின் கிடைத்தன என்பதை அறிவோம். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகின்றார்கள்.

மறுபக்கத்தில், 2018இல் 23 இலட்சத்துக்கு மேலிருந்த உல்லாசப் பிரயாணிகளின் வருகை, குண்டுவெடிப்பாலும் நோய்த்தொற்றாலும் நெருக்கடியாலும் விழுந்து, 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. துரைமாருடைய பங்களாக்கள் பல இப்போது விடுதிகள். சில தோட்டங்களில் கொழுந்து தரும் வருமானத்தைவிடப் பங்களா தரும் வருமானத்தைப் பற்றியே நிர்வாகம் அதிகம் பேசுகின்றது. ஆகவே சைக்கிள் ஒரு தனி விடயம் அல்ல. பெரிய திருப்பம் ஒன்றின் சிறிய அடையாளம் அது.

மற்றவர்கள் கண்ட அனுபவம்

இப்படிப்பட்ட திருப்பத்தைச் சந்தித்த வேறு ஊர்கள் உலகில் பல உள்ளன. மூன்றை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சிற்றூர். 1952இல் அதன் அருகே சார்ள்ஸ் ஸ்ரீன் என்பவர் யுரேனியம் கண்டெடுத்தார். சில ஆண்டுகளில் சனத்தொகை பல மடங்காகப் பெருகியது. பின்பு அணுசக்திச் சந்தை சரிந்தது. 1984இல் ஆலை மூடப்பட்டது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் வீடுகளை விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் சுரங்கக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த சகோதரர்கள் அங்கே ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தார்கள். செம்பாறைக் குன்றுகளில் சைக்கிள் ஓட்டலாம் என்ற செய்தி பரவியது. இன்று மோவாப் உலகப் புகழ் பெற்ற இடம். ஆனால் அங்கே விடுதிகளைக் கூட்டிப் பெருக்குபவர்களும் உணவு பரிமாறுபவர்களும் அந்த ஊரிலேயே வாடகைக்கு ஓர் அறை எடுக்க முடியாமல் வாகனங்களில் படுத்து உறங்கும் நிலை வந்துவிட்டது. வெளியூர்ப் பணக்காரர் வீடுகளை வாங்கிவிட்டார்கள். பழைய ஆலை விட்டுச் சென்ற 1 கோடி 60 இலட்சம் தொன் கதிரியக்கக் கழிவையோ, 2009இல் அரசு ரயிலில் ஏற்றி அப்புறப்படுத்தத் தொடங்கியது. இலாபம் கம்பனியோடு போனது, கழிவு ஊரோடு நின்றது.

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் டேர்பி என்ற ஊர் வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்தது. 1929 ஏப்ரலில் சுரங்கத்தின் அணைக்கட்டு உடைந்து 14 பேர் இறந்தார்கள். சுரங்கம் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டாலும் பழைய செழிப்பு திரும்பவில்லை. பல ஆயிரம் பேர் இருந்த ஊரில் இருநூறு பேர் கூட மிஞ்சவில்லை. 2015இல் அவ்வூரைச் சுற்றியுள்ள காட்டில் மலைச் சைக்கிள் பாதைகள் திறக்கப்பட்டன. 2017இல் உலகத் தொடர்ப் போட்டி ஒன்றும் நடைபெற்றது. பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன. வீட்டு விலை பல மடங்கு ஏறியது. சொந்த வீடு வைத்திருந்தவருக்கு அது அதிர்ஷ்டம். வாடகைக்கு இருந்தவருக்கு வெளியேறும் அறிவித்தல்.

மூன்றாவது இடம் எமக்கு மிகவும் பயனுள்ளது. அதனால் சற்று நின்று பார்ப்போம். அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலம் பாற்பண்ணைகளுக்குப் பெயர்போனது. 1940களில் பதினோராயிரம் பண்ணைகள் இருந்தன. இன்று ஆயிரம் கூட இல்லை. அதன் வடகிழக்கு மூலையில் பேர்க் என்ற ஊரில் 1994இல் ஒரு சங்கம் உருவாகியது. அந்தச் சங்கத்துக்குச் சொந்த நிலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏறத்தாழ நூறு நில உரிமையாளர்கள், தங்கள் வயலோரமாகவும் காட்டு வழியாகவும் சைக்கிள் செல்ல இலவசமாக அனுமதி தந்தார்கள். அதை இணைத்து 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகள் அமைக்கப்பட்டன. ஓட்டுபவர் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்துவார். சங்கம் பாதையைப் பராமரிக்கும். ஊரில் கடை, விடுதி, உணவகம் பிழைக்கும். இரண்டாயிரம் பேர் கூட இல்லாத ஊருக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள்.

2019 டிசெம்பரில் மூன்று உரிமையாளர்கள் தமது நிலத்தில் இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்று அறிவித்தார்கள். கூட்டம் தாங்க முடியவில்லை. ஓட்டுபவர்கள் சிலர் மரியாதையின்றி நடந்தார்கள் என்பது குறை. மூவர்தான். ஆனால் அவர்களுடைய நிலம் பாதைகளின் நெஞ்சுப் பகுதியில் இருந்தது. சங்கம் ஆடிப்போயிற்று. உடனே வாகனத் தரிப்பிடம் எங்கே, ஓட்டுபவர் எப்படி நடக்க வேண்டும், ஊரவருக்கு இதில் என்ன கிடைக்கிறது, எத்தனை பேர் வந்தால் போதும் என்ற கேள்விகளை எல்லாம் ஊரோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. பேசினார்கள், பல ஒழுங்குகளை மாற்றினார்கள்.

ஏன் பேசினார்கள்? உரிமையாளர் வேண்டாம் என்று சொன்னால் பாதை இல்லை. அவ்வளவுதான் காரணம். வேண்டாம் என்று சொல்லும் வல்லமை ஒருவரிடம் இருந்தபடியால்தான் மற்றவர்கள் மேசைக்கு வந்தார்கள்.

இங்கே வேண்டாம் என்று சொல்வது யார்?

இப்போது எமது தோட்டத்துக்குத் திரும்புவோம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டக் காணி அரசுக்கு உரியதாயிற்று. 1992இல் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. குத்தகைக் காலம் அந்த ஆண்டிலிருந்து 53 ஆண்டுகள், அதாவது 2045 வரை. அந்தக் காணியில் ஐந்து, ஆறு தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு லயக்காம்பரா சொந்தமில்லை, வாசல் சொந்தமில்லை, வாசலுக்கு முன்னால் போகும் பாதையும் சொந்தமில்லை. 2014ஆம் ஆண்டின் மீரியபெத்த மண்சரிவுக்குப் பின்னர் வேகம்பெற்ற தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ், பின்னர் 10 பேர்ச்சஸ் என்று சிலருக்குக் காணி கிடைத்தது. பெரும்பாலானோருக்கு இன்னும் இல்லை.

சைக்கிளில் வருபவர் ஒரு நாள் தங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். லயத்தில் ஓர் அறையைத் துப்புரவாக்கி அவருக்குக் கொடுக்க முடியுமா? கட்டடத்தில் கை வைக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ரோட்டோரத்தில் தேத்தண்ணிக் கடை போடலாமா? காணி தோட்டத்துடையது. வங்கியில் கடன் கேட்டால் ஈடாக வைக்கப் பத்திரம் இல்லை. டேர்பியில் வாடகைக்கு இருந்தவருக்காவது வெளியேறிப் போய் வேறு வாடகை தேடும் சுதந்திரம் இருந்தது. இங்கே தோட்டத்தில் பெயர் இருந்தால்தான் லயம். ஆகவே, பாதையின் அழகை விற்பவர் ஒருவர், பாதையைக் குத்தகைக்கு வைத்திருப்பவர் இன்னொருவர், பாதையில் நடப்பவர் மூன்றாமவர். முதல் இருவருக்கும் ஒப்பந்தம் உண்டு. மூன்றாமவர் படத்தில் மட்டும் இருக்கிறார், கொழுந்துக் கூடையுடன்.

இதைக் கசப்புக்காகச் சொல்லவில்லை. சட்டத்தில் ஒரு சிறு கதவு திறந்துள்ளது. அதை எமது மக்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதற்காகச் சொல்கிறோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிட நீண்டகாலம் தடையாக இருந்தது. வரியும் வாக்கும் வாங்கும் சபை, லயத்து ரோட்டுக்கு ஒரு கூடை கல் போட முடியாது என்ற விநோதம் முப்பது ஆண்டு நீடித்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டப் பாதையைத் திருத்தும் வேலையில் சபை இன்று பங்குகொள்ளலாம். சபை பங்குகொண்டால், பாதையின் பயன்பாடு பற்றிச் சபையில் பேசலாம். தோட்டத்து மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் அதைக் கேட்கலாம். நில உரிமை இல்லாதவர் வேண்டாம் என்று சொல்ல முடியாவிட்டாலும், எப்படி என்று கேட்கும் இடம் ஒன்று அங்கே இருக்கின்றது.

மண்ணும் தண்ணீரும்

பாதையைப் பற்றிய தொழில்நுட்பத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். இதில் எமது மக்கள் மாணவர்கள் அல்ல, ஆசிரியர்கள்.

பாதையைக் கெடுப்பது முதலில் தண்ணீர், இரண்டாவதாகவே சக்கரம். ஈரமான மண்ணில் சக்கரம் போனால் ஒரு கோடு விழும். அடுத்த மழையில் அந்தக் கோடு வாய்க்காலாகும். சில மழைக்குப் பின் முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிடும். இதைத் தவிர்க்க வெளிநாடுகளில் பாதை அமைப்பவர்கள் சில விதிகளைக் கைக்கொள்கின்றார்கள். பாதையின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது 100 மீற்றர் போனால் 10 மீற்றர் ஏறலாம். இன்னொன்று, பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மலைச்சரிவு 30 சதவீதமென்றால் பாதை 15க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதை வழியே ஓடத் தொடங்கிவிடும். பாதையைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து வைப்பதும், இடையிடையே சிறு இறக்கம் கொடுத்துத் தண்ணீரை வெளியேற்றுவதும் அவர்களுடைய முறை.

கானெடுத்துப் பழகிய எந்த வயோதிபத் தொழிலாளியிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். சமவுயரக் கான், அதில் இடையிடையே மண் தேங்கும் குழி, குறுக்கே கல் அணை என்பன எல்லாம் தேயிலை மலையில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யப்படும் வேலை. வெளிநாட்டில் இதே அறிவுக்குப் பாதை அமைப்பாளர் என்று பட்டம் கொடுத்துச் சம்பளம் கொடுக்கின்றார்கள். எமது நாட்டில் கான் வெட்டுவது மதிப்புக் குறைந்த ஆண்கள் வேலை. ஆள் பற்றாக்குறை என்று சொல்லிப் பல தோட்டங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. மூடிப்போன கானின் ஆபத்தை 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகம் கண்டது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை மண்சரிவு, எத்தனை உயிர்! அத்தனைக்கும் மூடிய கான்தான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட மழையைத் தாங்கும் கான் இல்லை. ஆனால் தண்ணீர் போக வழியில்லாத சரிவு, சிறு மழைக்கும் கரையும்.

ஆகவே சைக்கிளோட்டத்தால் தோட்டத்துக்கு வரக்கூடிய நல்ல வேலை, பிரயாணியின் பெட்டியைச் சுமப்பது அல்ல. பாதையைப் பேணும் வேலை. ஒரு டிவிஷனில் எட்டு, பத்துப் பேர் கொண்ட பாதைக்குழு ஒன்று. ஆண்டு முழுவதும் கான் திறப்பது, படி கட்டுவது, மதகு துப்புரவாக்குவது. கூலி, பாதையைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து. அதே வேலையால் பிள்ளைகளின் பாடசாலைப் பாதையும் நன்றாகும். வேர்மொண்டில் நடப்பது இதுதான்; அங்கே அதற்குச் சங்கம் இருக்கின்றது. இங்கே மரண உதவிச் சங்கமும் மாதர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் உள்ளன. புதிய பெயரில் இன்னொரு சங்கம் தொடங்கி, அதற்கு ஒரு றப்பர் முத்திரை செய்து, மூன்று மாதத்தில் மறப்பதைவிட, இருப்பதில் ஒன்றுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுப்பது மேல்.

காலமும் கணக்கும்

எச்சரிக்கை ஒன்று. மலையகத்தில் மழை இரண்டு பக்கமாக வருகின்றது. டிம்புள்ள பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதிகளில் சனவரி முதல் மார்ச் வரை வரட்சி. ஊவாப் பக்கத்தில், ஹப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளில் யூலை முதல் செப்டெம்பர் வரை காற்றும் வரட்சியும். சைக்கிள்காரர் வருவது அந்தந்த வரண்ட மாதங்களில். தரமான தேயிலை கிடைத்து ஏலத்தில் நல்ல விலை போவதும் அதே மாதங்களில்தான். ஆகவே வழிகாட்டியாகப் போகும் இளைஞனையோ, தேத்தண்ணியும் ரொட்டியும் விற்க நிற்கும் பெண்ணையோ அதே நேரத்தில் தோட்டமும் தேடும். மழை மாதங்களில் இரண்டுமே குறைவு. இதைக் கணக்கிடாமல், பெயரை வெட்டிக்கொண்டு முழுநேரமாக இதில் இறங்குங்கள் என்று எந்தக் குடும்பத்துக்கும் நாம் ஆலோசனை சொல்லக்கூடாது. பெயர் போனால் லயமும் கேள்விக்குறியாகும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் தோட்டத்தில் நிற்க, இன்னொருவர் பகுதிநேரமாக இதைச் செய்வதே இப்போதைக்குப் பாதுகாப்பு.

பணம் எங்கே நிற்கின்றது என்றும் பார்க்க வேண்டும். பிரயாணி பெரும்பாலும் தன் நாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வருகிறார். சைக்கிள், வான், வழிகாட்டி, பகல் உணவு எல்லாம் அதற்குள் அடக்கம். டிவிஷனில் இறங்கும்போது அவருடைய கையில் செலவழிக்கக் காரணம் எதுவும் இல்லை. சில்லறை கொடுக்க நினைத்தால் பிள்ளைகளுக்கு இனிப்போ பேனையோ கொடுப்பார். அது பாடசாலை நேரத்தில் பிள்ளைகளை ரோட்டுக்கு இழுக்கும் பழக்கமாகிவிடும். இதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும் என்பது எமது கருத்து. கொடுக்க விரும்புபவர் பாதை நிதிக்குக் கொடுக்கட்டும். அதன் வரவு செலவைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் மாதந்தோறும் ஒட்டட்டும்.

ஊவாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாதர் குழுவோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்கள் கேட்டது பணம் அல்ல. வளைவில் மணி அடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார்கள். மூட்டை தலையில் இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. சத்தமில்லாமல் பின்னால் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? புதிய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் மணியே கிடையாது. ஒரு மணியின் விலை பெரிதல்ல. இன்னொருவர், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் குறுக்கு வழியில் வரவே வேண்டாம், ரோட்டால் போகட்டும் என்றார். மூன்றாமவர், படம் எடுக்கு முன் கேட்கட்டும் என்றார். ஆண்கள் கூட்டத்தில் இவற்றில் ஒன்றுகூட வரவில்லை. அங்கே பேச்சு முழுவதும் யாருடைய மகனுக்கு வழிகாட்டி வேலை என்பதைப் பற்றியே இருந்தது.

இத்தகைய தோட்டங்களில் வேலை செய்யும் வாசகர்கள் முதலில் ஒரு கணக்கெடுப்பைச் செய்யலாம். சீசன் மாதத்தில் ஒரு சனிக்கிழமையும் ஒரு கிழமைநாளும் தெரிந்துகொண்டு, பெரட்டு நேரம் முதல் மாலைவரை பாதையின் ஒரு முனையில் இரண்டு இளைஞர்களை உட்கார வைக்கவும். எத்தனை சைக்கிள், எந்த நிறுவனத்தின் வான், எந்த நேரம், ரோட்டாலா குறுக்காலா, எங்கே நின்றார்கள், எதற்காவது காசு கொடுத்தார்களா என்பதை ஒரு கொப்பியில் குறிக்கவும். அதே நாளில் பாதையில் நடந்த எமது மக்களின் எண்ணிக்கையையும், எந்த நேரத்தில் எந்தச் சுமையோடு என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதவும். எந்த இடத்தில் கான் மூடியிருக்கிறது, எந்தப் படி உடைந்திருக்கிறது என்று ஒரு வரைபடமும் வேண்டும். இதை எடுத்துக்கொண்டு தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபை உறுப்பினரிடமும் போகலாம். வான்களில் எழுதியிருக்கும் நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதலாம். டிம்புள்ளப் பக்கத்தவர்களுக்கு நவம்பரிலும் ஊவாப் பக்கத்தவர்களுக்கு மே மாதத்திலும் பேச்சைத் தொடங்குவது நல்லது. சீசன் தொடங்கி வான்கள் வந்த பின்னர் எவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.